பாதிக்கு மேல் இருந்தும்: வாஷிங்டன் மாநில 15ஆம் தொகுதி, 2021–2024

## எந்தத் தொகுதி, என்ன சிக்கல்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் பசிபிக் கடலோரமாக இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தைப் பற்றியது இந்த ஆய்வு. வெள்ளை மாளிகை இருக்கும் தலைநகரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்த மாநிலம் 49 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தொகுதியும் மாநிலச் செனட்டுக்கு ஒருவரையும் கீழவைக்கு இருவரையும் தேர்ந்தெடுக்கிறது. செனட்டரின் பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறக்குறைய பாதிச் செனட்டர்களுக்குத் தேர்தல் வரும். எந்தத் தொகுதிக்கு எந்த ஆண்டில் தேர்தல் என்பது சின்ன நிர்வாக விஷயமாகத் தோன்றலாம். பின்னால் அதுவே வழக்கில் ஒரு முக்கியமான வாதமாகிவிட்டது.

2021இல் புதிதாக வரையப்பட்ட 15ஆம் தொகுதியில், வாக்களிக்கும் வயதை எட்டிய குடிமக்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் லத்தீனர்கள், அதாவது மெக்சிகோ போன்ற லத்தீன் அமெரிக்க நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். ஆனாலும் அந்த வரைபடம் லத்தீன வாக்காளர்களின் உரிமையைப் பறிக்கிறது என்று 2023இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அதே தொகுதியிலிருந்து ஒரு லத்தீனப் பெண் செனட்டராகத் தேர்வாகியிருந்தார். 2024இல் நீதிமன்றமே தேர்ந்தெடுத்த புதிய வரைபடத்தில் தேர்தல் நடந்தது. வழக்குத் தொடுத்தவர்கள் எதிர்பார்த்த முடிவு வரவில்லை. பெரும்பான்மை, பிரதிநிதித்துவம் என்ற இரண்டு சொற்களையும் நாம் எவ்வளவு எளிதாகப் பயன்படுத்துகிறோம் என்பதை இந்த மூன்றாண்டு நிகழ்வு எனக்கு உணர்த்தியது. சம்பந்தப்பட்ட தனிமனிதர்களின் பெயர்களை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

## பின்னணி: யாக்கிமா பள்ளத்தாக்கு

மாநிலத்தின் நடுவே கேஸ்கேட் மலைத்தொடர் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. மேற்கே மழையும் சியாட்டில் நகரமும், கிழக்கே வறண்ட நிலமும். அந்த வறண்ட நிலத்தை யாக்கிமா ஆற்றின் பாசனம் தோட்டமாக்கியது. ஆப்பிளும் செர்ரியும் விளைகின்றன. பீருக்குக் கசப்பைக் கொடுக்கும் ஹாப்ஸ் அமெரிக்காவில் பெருமளவு விளைவதும் இங்கேதான்.

பறிக்கவும் கட்டவும் ஆள் வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உள்ளூர் ஆட்கள் போருக்குப் போய்விட, மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை வரவழைக்கும் பிராசெரோ திட்டம் 1942இல் தொடங்கியது. டெக்சாஸிலிருந்தும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் அறுவடைக் காலங்களில் வந்துபோயின. பிறகு பலர் இங்கேயே தங்கிவிட்டனர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது யாக்கிமா கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் லத்தீனர்கள்.

அதிகாரம் அந்த விகிதத்தில் வந்து சேரவில்லை. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவருக்குத்தான் வாக்குரிமை என்ற மாநில விதியை எதிர்த்து 1960களின் இறுதியில் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்தே வழக்குப் போக வேண்டியிருந்தது. ஸ்பானிய மொழியில் வாக்குச்சீட்டும் உதவியும் தரவில்லை என்று 2004இல் கூட்டரசின், அதாவது அமெரிக்க மத்திய அரசின், நீதித்துறை அமைச்சகம் யாக்கிமா கவுண்டியின் மீது வழக்குத் தொடுத்தது. யாக்கிமா நகரமன்றத்தில் நகரம் முழுவதும் சேர்ந்து வாக்களிக்கும் முறை இருந்தவரை லத்தீனர் ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கப்பட்டதில்லை. நகர மக்களில் ஐந்தில் இரண்டு பேர் லத்தீனர்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 2014இல் ஒரு கூட்டரசு நீதிபதி அந்த முறை சட்டவிரோதம் என்று சொல்லி, வார்டு வார்டாகத் தேர்தல் நடத்த வழிசெய்தார். அடுத்த ஆண்டே மூன்று லத்தீனப் பெண்கள் மன்றத்துக்குள் நுழைந்தார்கள்.

இன்னொரு நிகழ்ச்சியையும் குறிப்பிட வேண்டும். 2012இல் மாநில உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி பதவிக்குத் தேர்தல் நடந்தது. ஏற்கெனவே பதவியில் இருந்தவர் லத்தீனர். எதிர்த்து நின்றவர் நன்கொடை திரட்டவில்லை, பிரசாரமும் செய்யவில்லை. மாநில அளவில் பதவியில் இருந்தவரே வென்றார். யாக்கிமா கவுண்டியிலோ பிரசாரமே செய்யாதவருக்கு அதிக வாக்குகள். அந்த இரு பெயர்களில் ஒன்று ஸ்பானியப் பெயர், மற்றொன்று ஆங்கிலேயப் பெயர். வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரும் கிடையாது என்பதால், வாக்காளர் பார்த்தது எதை என்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடிக்க அதிகம் சிரமப்படவில்லை.

## 2021: கோடுகள் வரையப்பட்ட விதம்

வாஷிங்டனில் ஆளுங்கட்சி தன் விருப்பப்படி தொகுதிகளை வரைய முடியாது. 1983இல் நிறைவேறிய அரசியல் சட்டத் திருத்தம் அந்த வேலையைத் தனி ஆணையத்திடம் கொடுத்தது. இரு அவைகளிலும் இரு கட்சிகளின் தலைவர்கள் ஆளுக்கொருவரை நியமிப்பார்கள். ஆக வாக்குரிமை உள்ள உறுப்பினர் நால்வர், வாக்குரிமை இல்லாத தலைவர் ஒருவர். நால்வரில் மூவர் ஒத்துக்கொண்டால்தான் வரைபடம் செல்லும். காகிதத்தில் நியாயமான ஏற்பாடு. ஆனால் இரண்டு கட்சிகளும் ஒத்துப்போனாலே போதும் என்று சட்டம் சொல்லும்போது, இரண்டு கட்சிகளிலும் செல்வாக்கில்லாத மக்களுக்காகப் பேசும் ஆள் அந்த மேசையில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் போகிறது.

2020 கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் மக்கள்தொகை 77,05,281. 49ஆல் வகுத்தால் தொகுதிக்குச் சுமார் 1,57,000 பேர். எண்ணிக்கையைச் சமமாக்குவது எளிது. எந்த 1,57,000 பேர் என்பதில்தான் பேரம் தொடங்குகிறது.

அந்த ஆண்டு அக்டோபரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வாளரின் பகுப்பாய்வை ஜனநாயகக் கட்சியினர் பொதுவெளிக்குக் கொண்டுவந்தனர். யாக்கிமா பகுதியில் வாக்குகள் இனவாரியாகப் பிரிந்து விழுகின்றன, முன்வைக்கப்பட்ட வரைவுகள் கூட்டரசின் வாக்குரிமைச் சட்டத்தை மீறக்கூடும் என்பது அதன் சாரம். காலக்கெடு நவம்பர் 15, இரவு 11.59. பேச்சுவார்த்தை பெரும்பகுதி முடிந்த நிலையில் அந்த எச்சரிக்கை வந்ததால் அதுவும் பேரப்பொருளாகிவிட்டது.

பேரத்தின் அளவுகோல் விசித்திரமானது. ஒரு தொகுதி எந்தக் கட்சிக்குச் சாய்கிறது என்று பார்க்க, 2020இல் நடந்த மாநிலப் பொருளாளர் தேர்தலின் வாக்குகளை உறுப்பினர்கள் பயன்படுத்தினார்கள். பொருளாளர் தேர்தலில் யாருக்கும் பெரிய உணர்ச்சிவேகம் கிடையாது, அதனால் கட்சிச் சாய்வு கலப்பில்லாமல் தெரியும் என்பது காரணம். அந்த அளவுகோலில் 15ஆம் தொகுதி எத்தனை புள்ளி எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று பேசினார்கள். லத்தீனர் விகிதம் பாதியைத் தாண்ட வேண்டும் என்று ஒரு பக்கம், தொகுதி குடியரசுக் கட்சிக்குச் சற்றே சாதகமாக இருக்க வேண்டும் என்று மறுபக்கம். இறுதியில் இரண்டும் ஒரே கோட்டுக்குள் நிறைவேறின.

நவம்பர் 15 அன்று மாலை ஏழு மணிக்கு இணையவழியில் பொதுக்கூட்டம் தொடங்கியது. உறுப்பினர்கள் இருந்ததோ சியாட்டிலுக்குத் தெற்கே ஃபெடரல் வே என்ற ஊரில் ஒரு ஹோட்டலில். மூவர் சேர்ந்து பேசினால் அது சட்டப்படி பொதுக்கூட்டமாகிவிடும் என்பதால் இருவர் இருவராகப் பேசினார்கள். பார்த்துக்கொண்டிருந்த மக்களுக்குப் பெரும்பாலான நேரம் இடைவேளைதான் காட்டப்பட்டது. நள்ளிரவுக்குச் சில நொடிகள் இருக்கையில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்கெடுப்பு நடந்தபோது வரைபடம் முழுமையாகத் தயாராகவில்லை. எதற்கு வாக்களிக்கிறோம் என்பது ஓர் ஒப்பந்தமாக மட்டுமே இருந்தது, கோடுகளாக இல்லை. மாநில உச்ச நீதிமன்றம் டிசம்பர் தொடக்கத்தில், ஆணையம் கணிசமான அளவுக்குக் கடமையை நிறைவேற்றிவிட்டது என்று ஏற்றுக்கொண்டது. திறந்த கூட்டச் சட்டத்தை மீறியதாக வேறொரு வழக்கு வந்து சமரசத்தில் முடிந்தது.

## கவனிக்கப்பட்டது: 50 விழுக்காடு என்பதன் உள்ளே

வரைபடத்தை எடுத்துப் பார்த்தவர்களுக்கு முதலில் உறுத்தியது அதன் உருவம். தொகுதி யாக்கிமா, பென்டன், ஃபிராங்க்ளின், கிராண்ட், ஆடம்ஸ் என ஐந்து கவுண்டிகளில் கால்வைத்திருந்தது. யாக்கிமா நகரின் கிழக்குப் பகுதியை உள்ளே எடுத்துக்கொண்டு, ஆற்றோரமாகக் கீழே இருக்கும் லத்தீனர் நிறைந்த சிற்றூர்கள் சிலவற்றை வெளியே விட்டது. அவற்றுக்கு ஈடாக வடகிழக்கே வெள்ளையர் வாழும் கிராமப்புறங்களைச் சேர்த்தது.

இரண்டாவதாக எண்கள். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு பகுதியில் லத்தீனர் எத்தனை பேர் என்பதற்கும், அவர்களுடைய வாக்குகள் எத்தனை எண்ணப்படும் என்பதற்கும் நடுவே பல சல்லடைகள் இருக்கின்றன. முதலில் குழந்தைகள் கழிய வேண்டும். லத்தீனக் குடும்பங்களின் சராசரி வயது குறைவு என்பதால் அங்கேயே கணிசமான பங்கு போய்விடுகிறது. அடுத்து குடியுரிமை இல்லாதவர்கள். பண்ணைத் தொழிலாளர் மிகுந்த பள்ளத்தாக்கில் அவர்கள் பலர். மிஞ்சியவர்களைத்தான் வாக்களிக்கும் வயதுள்ள குடிமக்கள் என்று கணக்கிட்டு, பாதிக்கு மேல் என்றார்கள்.

ஆனால் சல்லடைகள் அதோடு முடியவில்லை. பதிவு செய்தவர்கள் எத்தனை பேர், வாக்குச்சீட்டைத் திருப்பி அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் வெள்ளை வாக்காளர்களோடு இருக்கும் இடைவெளி ஒவ்வொரு படியிலும் அகலமாகிறது. வாஷிங்டனில் எல்லாத் தேர்தலும் அஞ்சல்வழிதான். உறையின் மேல் போடும் கையெழுத்து, கோப்பில் இருக்கும் கையெழுத்தோடு ஒத்துப்போனால்தான் உறை திறக்கப்படும். மாநிலத் தணிக்கையாளர் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, லத்தீன வாக்காளர்களின் சீட்டுகள் இப்படி நிராகரிக்கப்படும் விகிதம் வெள்ளையரைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். தொகுதியில் பாதிக்கு மேல் இருப்பவர்கள் எண்ணும் மேசையில் தெளிவான சிறுபான்மையாகிவிடுகிறார்கள்.

மூன்றாவது கவனிப்பு, தொகுதியின் எண். பழைய முறைவைப்பின்படி 15ஆம் எண் தொகுதிக்குச் செனட் தேர்தல் 2018, 2022 என்று வரும். அதிபர் தேர்தல் நடக்காத ஆண்டுகள் அவை. பக்கத்தில் இருக்கும் 14ஆம் தொகுதிக்கு 2020, 2024. அதிபர் தேர்தல் இல்லாத ஆண்டில் எல்லோரும் குறைவாகத்தான் வாக்களிப்பார்கள், ஆனால் லத்தீனர்களிடம் அந்தச் சரிவு இன்னும் செங்குத்து. ஒரே மக்களுக்கு 14 என்று எண் கொடுத்தால் ஒரு முடிவும் 15 என்று கொடுத்தால் வேறு முடிவும் வரலாம். எண் கொடுத்தவர்கள் இதை யோசித்தார்களா என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

## வழக்கும் 2022 தேர்தலும்

2022 ஜனவரியில் இப்பகுதியின் லத்தீன வாக்காளர்கள் சிலர் கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவுதான் அவர்களுடைய ஆயுதம். மாநிலத்தின் சொந்த வாக்குரிமைச் சட்டம் 2018இல் வந்திருந்தது. ஆனால் அது கவுண்டி, நகரம், பள்ளி வாரியம் போன்ற உள்ளாட்சிகளோடு நின்றுவிடுகிறது, சட்டமன்றத் தொகுதிகளைத் தொடுவதில்லை.

தமிழ் வாசகர் இங்கே தனித்தொகுதியை நினைத்துக்கொண்டால் வழிதவறிவிடுவார். அமெரிக்காவில் ஒரு தொகுதியை ஓர் இனத்தைச் சேர்ந்த வேட்பாளருக்கு ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு கிடையாது. யாரும் எங்கும் நிற்கலாம். சட்டம் பாதுகாப்பது வாக்காளரை: ஒரு சமூகம் ஒன்றுதிரண்டு வாக்களித்தும், பெரும்பான்மைச் சமூகம் எதிராகத் திரண்டு ஒவ்வொரு முறையும் அதைத் தோற்கடித்தால், கோடுகளைப் பார்க்க வேண்டும் என்கிறது. இதற்கான சோதனையை உச்ச நீதிமன்றம் 1986இல் வட கரோலினா மாநிலச் சட்டமன்றத் தொகுதிகள் பற்றிய வழக்கில் வகுத்தது. அந்தச் சமூகம் தொகுதியாக அமையும் அளவுக்குப் பெரிதாகவும் நெருக்கமாகவும் இருக்கிறதா, ஒருமுகமாக வாக்களிக்கிறதா, எதிர்ப்பக்கம் திரண்டு அதை முறியடிக்கிறதா என்று மூன்று கேள்விகள். அதன்பிறகு வரலாறும் சூழலும் முழுமையாகப் பார்க்கப்படும்.

2022 தேர்தலுக்கு முன்பே வரைபடத்தை நிறுத்திவைக்கும் வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. அந்த நவம்பரில் 15ஆம் தொகுதியில் குடியரசுக் கட்சி ஒரு லத்தீனப் பெண்ணை நிறுத்தியது. ஜனநாயகக் கட்சி நிறுத்தியவர் லத்தீனர் அல்லாத பெண். முன்னவர் பெரிய வித்தியாசத்தில் வென்றார். வரைபடத்தை ஆதரித்தவர்களுக்கு இதைவிட நல்ல சான்று கிடைத்திருக்காது. லத்தீனர்களுக்கு வாய்ப்பே இல்லை என்கிறீர்களே, இதோ லத்தீனப் பெண் செனட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்றார்கள்.

வழக்கில் வரைபடத்தைக் காக்க மாநில அரசு மெனக்கெடவில்லை. முன்வந்தவர்கள் குடியரசுக் கட்சிச் சார்புள்ள மூன்று லத்தீனர்கள். அவர்களில் ஒருவர் பள்ளத்தாக்கிலுள்ள சிற்றூர் ஒன்றின் மேயர். இதே தொகுதி இனத்தை அளவுக்கு மீறிக் கணக்கில் எடுத்து வரையப்பட்டது என்று இன்னொரு லத்தீன வாக்காளர் எதிர்த்திசையிலிருந்து தனி வழக்குத் தொடுத்தார். லத்தீனர் உரிமை பற்றிய இந்த வழக்குகளில் இரு பக்கமும் லத்தீனர்கள் நின்றார்கள் என்பதைச் செய்தித் தலைப்புகள் பெரும்பாலும் விட்டுவிட்டன.

## 2023 ஆகஸ்ட்: தீர்ப்பு

விசாரணை 2023 ஜூனில் நடந்தது. அதே மாதத்தில் அலபாமா மாநிலத்தின் தொகுதிகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டாம் பிரிவின் பழைய சோதனையை அப்படியே தக்கவைத்தது. அந்தத் தீர்ப்பு வேறுவிதமாக வந்திருந்தால் யாக்கிமா வழக்கின் அடித்தளமே சரிந்திருக்கும்.

ஆகஸ்ட் 10 அன்று சியாட்டில் நீதிபதி தீர்ப்பளித்தார். வரைபடம் லத்தீன வாக்காளர்களுக்குச் சம வாய்ப்பைத் தரவில்லை என்பது முடிவு. பாதிக்குச் சற்று அதிகமான பெரும்பான்மை, இந்தப் பகுதியின் வரலாறும் குறைந்த வாக்குப்பதிவும் சேரும்போது பெயரளவுப் பெரும்பான்மைதான் என்று அவர் கண்டார். தேர்தல் வரும் ஆண்டு பற்றிய வாதத்தையும் எடுத்துக்கொண்டார். ஆணையத்தின் உறுப்பினர்கள் வேண்டுமென்றே பாகுபாடு காட்டினார்களா என்ற கேள்விக்குள் அவர் போகவில்லை. விளைவே போதும் என்று சட்டம் சொல்கிறது.

லத்தீனப் பெண் செனட்டர் வென்றுவிட்டாரே என்ற வாதத்துக்கு அவர் சொன்ன பதில், சட்டம் பார்ப்பது வேட்பாளரின் பூர்வீகத்தை அன்று, வாக்காளர்கள் யாரை விரும்பினார்கள் என்பதை. அந்தத் தேர்தலில் லத்தீன வாக்காளர்களில் பெரும்பாலோர் தோற்ற வேட்பாளருக்கே வாக்களித்திருந்தனர். இது சட்டப்படி சரியான பதில் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் பள்ளத்தாக்கில் அப்பெண்ணின் வெற்றியைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடிய லத்தீனக் குடும்பங்களும் இருந்தன. உங்களுக்குக் கிடைத்தது பிரதிநிதித்துவம் ஆகாது என்று தொலைவில் ஒரு நீதிமன்றம் சொன்னதை அவர்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்பதையும் இந்தப் பதிவில் விட்டுவிடக் கூடாது.

எதிர்த்திசை வழக்கு செப்டம்பரில், மூவர் அமர்வில் இருவர் முடிவின்படி, காலாவதியானது என்று தள்ளப்பட்டது. வரைபடமே போய்விட்டபின் அதை எதிர்ப்பதில் பொருளில்லை என்றார்கள். மூன்றாம் நீதிபதி கடுமையாக மாறுபட்டார்.

## தீர்வு தேடிய மாதங்கள்

ஆணையத்தை மீண்டும் கூட்டிப் புதிய வரைபடம் வரைய நீதிபதி மாநிலத்துக்கு 2024 பிப்ரவரி 7 வரை அவகாசம் கொடுத்தார். ஆணையத்தைக் கூட்டச் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பெரும்பான்மை வகித்த ஜனநாயகக் கட்சித் தலைவர்கள் கூட்ட மறுத்தனர். நீதிமன்றம் வரையட்டும் என்பது அவர்களுடைய முடிவு. என் பார்வையில் இந்த நிகழ்வின் மிகப் பலவீனமான முடிவு இதுதான். நீதிமன்றம் வரைந்தால் தங்களுக்கு நட்டமில்லை என்று தெரிந்த கட்சி பொறுப்பைக் கைகழுவியது என்ற குற்றச்சாட்டுக்கு அது கதவைத் திறந்துவைத்தது. மக்கள் நேரில் வந்து பேசக்கூடிய ஒரு மேடையும் அதோடு போயிற்று.

நீதிபதி ஒரு வரைபட வல்லுநரின் துணையோடு, வழக்குத் தொடுத்தவர்கள் தந்த வரைவுகளைப் பரிசீலித்தார். பள்ளத்தாக்கில் நிலம் கொண்டுள்ள யாக்கமா பழங்குடி நாடு, தங்கள் ஒதுக்கீட்டு நிலத்தையும் அதற்கு வெளியே தங்களுக்குள்ள நிலங்களையும் ஒரே தொகுதியில் வைக்கும்படி கேட்டது. அதை மதித்த ஒரு வரைவு திருத்தங்களோடு மார்ச் 15 அன்று ஏற்கப்பட்டது. கிழக்கு யாக்கிமாவிலிருந்து ஆற்றோர ஊர்கள் வழியாகப் பாஸ்கோ நகரம் வரை நீளும் அந்தத் தொகுதிக்கு 14 என்று எண் கொடுக்கப்பட்டது. அதிபர் தேர்தல் ஆண்டில் செனட் தேர்தல் வர வேண்டும் என்பதே காரணம். இந்த ஒரு தொகுதியைச் சரிசெய்ய, சங்கிலித்தொடராகப் பத்துக்கும் மேற்பட்ட தொகுதிகளின் எல்லைகள் மாறின. மேல்முறையீட்டு நீதிமன்றமும், ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இடைக்காலத் தடை தர மறுத்தன. மே மாதத்தில் வேட்புமனு தொடங்க வேண்டியிருந்தது.

இரண்டு விளைவுகள் உடனே விமர்சனத்துக்கு வந்தன. 2022இல் வென்ற லத்தீனப் பெண் செனட்டரின் வீடு பக்கத்துத் தொகுதிக்குப் போய்விட்டது. இன்னொன்று கணக்கு: புதிய 14ஆம் தொகுதியில் வாக்களிக்கும் வயதுள்ள குடிமக்களில் லத்தீனர் பங்கு, பழைய 15ஆம் தொகுதியில் இருந்ததைவிடச் சற்றுக் குறைவு. லத்தீனர் உரிமைக்காக லத்தீனரைக் குறைத்தார்கள், உண்மையில் கூடியது ஜனநாயகக் கட்சியின் பலம்தான் என்றனர் எதிர்த்தவர்கள். ஆதரித்தவர்களின் விளக்கம் வேறு. கூட இருக்கும் மற்ற வாக்காளர்கள் யார், லத்தீனர் விரும்பும் வேட்பாளருக்கு அவர்களில் எத்தனை பேர் வாக்களிப்பார்கள், தேர்தல் எந்த ஆண்டில் வருகிறது என்பவை விகிதத்தைவிட முக்கியம் என்றார்கள். முந்தைய பகுதியில் சொன்ன சல்லடைகளை வைத்துப் பார்த்தால் இரண்டாவது வாதமே எனக்கு வலுவாகத் தெரிகிறது. ஆனால் முதல் வாதத்தைக் கேட்ட சாதாரண வாக்காளரை அது சமாதானப்படுத்தியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

## 2024 நவம்பர்: நடந்தது

புதிய 14ஆம் தொகுதியில் ஜனநாயகக் கட்சி ஒரு லத்தீனப் பெண்ணைச் செனட்டுக்கு நிறுத்தியது. எதிரே பல ஆண்டுகளாகச் செனட்டில் இருந்த குடியரசுக் கட்சிக்காரர், உள்ளூரில் எல்லோரும் அறிந்த முகம். அதிபர் தேர்தலும் சேர்ந்து வந்தது. பழைய செனட்டர் வென்றார். கீழவையின் இரண்டு இடங்களும் குடியரசுக் கட்சிக்கே போயின. அதில் ஓர் இடத்தில் வென்றவர் லத்தீனப் பெண், பள்ளத்தாக்கின் சிற்றூர் ஒன்றில் மேயராக இருந்தவர்.

மூன்று ஆண்டு வழக்கு, பல நிபுணர் சாட்சியங்கள், மாறிய எல்லைகள், மாறிய எண் எல்லாம் தாண்டி மூன்று இடங்களிலும் பழைய கட்சியே வந்தது. 2024இல் நாடு முழுவதுமே லத்தீன வாக்காளர்களில் ஒரு பகுதி குடியரசுக் கட்சியை நோக்கி நகர்ந்திருந்தது. நிபுணர்கள் கணித்தது பழைய தேர்தல்களின் தரவை வைத்து. மக்கள் அதற்குள் நகர்ந்துவிட்டிருந்தார்கள்.

தீர்ப்பு தவறு என்பதற்கு இந்த முடிவைச் சான்றாகக் காட்டியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நீதிமன்றம் தர வேண்டியது வாய்ப்பை, வெற்றியை அன்று. போட்டியில் தோற்பதற்கும் போட்டியே இல்லாத இடத்தில் நிற்பதற்கும் வேறுபாடு இருக்கிறது, 2024இல் அங்கே உண்மையான போட்டி நடந்தது. அதேசமயம் கோட்டை மாற்றினால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று நம்பியவர்களின் கணக்கும் பிழைத்தது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

## எதை மாற்றலாம்

வாக்குகள் இனவாரியாகப் பிரிகின்றனவா என்ற பகுப்பாய்வு 2021இல் வரைபடம் தொடங்குவதற்கு முன்பே ஆணையத்தின் பொதுச் செலவில், இரு கட்சிக்கும் பொதுவான வல்லுநரால் செய்யப்பட்டிருக்க வேண்டும். கடைசி மாதத்தில் ஒரு கட்சியின் பக்கத்திலிருந்து வந்ததால் மறுபக்கம் அதைக் கட்சி ஆவணமாகவே பார்த்தது. 2014இன் நகரமன்றத் தீர்ப்பு கையில் இருந்தபோது, இந்தப் பள்ளத்தாக்கில் பிரச்சினை வரும் என்று தெரியாமல் போனதாக யாரும் சொல்ல முடியாது.

ஒப்பந்தத்துக்கு வாக்களித்துவிட்டு வரைபடத்தைப் பிறகு தருவது இனி நடக்கக் கூடாது. கோடுகள் மக்கள் பார்வைக்கு வந்து சில நாட்களாவது கழிந்தபின்பே வாக்கெடுப்பு என்று விதி இருந்தால், வெளியே விடப்பட்ட ஆற்றோர ஊர்க்காரர்களே எழுந்து கேட்டிருப்பார்கள். வழக்குக்கு அவசியம் இருந்திருக்காது என்று சொல்லத் துணியமாட்டேன், ஆனால் வாதம் வேறு மாதிரி இருந்திருக்கும். தொகுதி எண்ணைக் கொடுக்கும்போது தேர்தல் ஆண்டைக் கணக்கில் எடுப்பதும் செலவில்லாத மாற்றம்.

செலவுள்ள மாற்றம் கையெழுத்துச் சரிபார்ப்பில் இருக்கிறது. நிராகரிக்கப்பட்ட உறையைச் சரிசெய்ய வாக்காளருக்கு அனுப்பும் கடிதம் அவர் வாசிக்கும் மொழியில், அவர் வேலைக்குப் போகும் பருவத்துக்கு ஏற்ற நேரத்தில் போய்ச் சேர வேண்டும். அறுவடைக்காக ஊர் ஊராகப் போகிற குடும்பத்துக்கு அஞ்சல் முகவரி ஒன்றுதான் என்று அமைப்பு வைத்துக்கொண்டால், சீட்டு வந்த வீட்டில் ஆள் இருக்கமாட்டார். வழக்கறிஞர்களுக்குச் செலவான காலத்தில் ஒரு பங்கு வாக்காளர் பதிவுக்கும் இந்த வேலைக்கும் போயிருந்தால் 2024இன் முடிவு மாறியிருக்குமா என்று சொல்ல முடியாது, எண்ணும் மேசைக்கு வந்த சீட்டுகளின் எண்ணிக்கை மாறியிருக்கும்.

வீடு பக்கத்துத் தொகுதிக்குப் போய்விட்ட செனட்டர் 2024 தேர்தலுக்குப் பிறகும் 15ஆம் தொகுதியின் செனட்டராகவே தொடர்ந்தார். 14ஆம் தொகுதியில் செனட் இருக்கைக்கான அடுத்த தேர்தல், அதிபர் தேர்தலோடு சேர்ந்து, 2028 நவம்பரில் வருகிறது.